கூலி: காசின் பெயர் ஆளுக்கு வந்த கதை



சொற்களின் பூர்வீகம் பற்றி அண்மையில் தொலைக்காட்சி மன்றம் ஒன்றில் பேசினேன். எனக்குக் கொடுத்தது பன்னிரண்டு நிமிடம். பாதி சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு மணி அடிப்பது வழக்கமாக என் வேலை என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. மேடையில் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இந்தப் பக்கத்துக்காக எழுதித் தருகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் ஆங்கிலச் சொல்: 'கூலி'. "அது தமிழ்ச் சொல்லாயிற்றே, ஆங்கிலம் என்கிறீர்களே?" என்று முன்வரிசையில் ஒருவர் உடனே கையைத் தூக்கினார். அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நம் வாயிலிருந்து போன சொல்லா அது? போகும்போது என்ன பொருளோடு போனது, திரும்பி வரும்போது என்ன பொருளோடு வந்தது?

இந்தச் சொல்லை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' படம் வெளிவந்தது நினைவிருக்கும். என் அண்ணன் மகனுக்குப் பதினான்கு வயது. நெஞ்சில் பெரிய ஆங்கில எழுத்தில் 'கூலி' என்று அச்சடித்த கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஆயா அஞ்சடியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டார். இவன் பெருமையாகப் படித்துக் காட்டினான். ஆயாவின் கை நின்றுவிட்டது.

"கழட்டுடா அத. அந்தப் பேர நாங்க சொமந்தது பத்தாதா?"

"ஆயா, தலைவர் படம் ஆயா!" என்றான் பையன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயாவுக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். அந்தச் சொல் எந்தக் குரலில், எந்த நேரத்தில் தன் மேல் விழுந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

எனக்கும் அதில் ஒரு கணக்கு உண்டு. இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் படித்தபோது, சக மாணவி ஒருத்தி என்னை 'அனாக் கூலி' என்றாள். கூலியின் பிள்ளை என்று அர்த்தம். நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய் ஆங்கில அகராதியில் அந்தச் சொல் கண்ணில் பட்டது. பக்கத்தில், தமிழ்ச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு. என்னைத் திட்டப் பயன்பட்ட சொல் என் வீட்டுச் சொல்லா என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

நம் வீட்டில் அதற்கு என்ன பொருள்?

நாம் அன்றாடம் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். வண்டிக்கூலி, சுமைகூலி, நாட்கூலி. நகைக்கடைக்குப் போனால் செய்கூலி. எல்லாமே பணம். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழியிலும் கூலி என்பது பணம்தான். யாரையாவது 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்றால், காசு வாங்கிக்கொண்டு ஒப்புக்கு அழுகிறான் என்று பொருள். அங்கேயும் கூலி காசு; மாரடிப்பவன் வேறு.

திருக்குறளிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆள்வினை உடைமை அதிகாரத்தில், 619ஆம் குறள். விதி கைகொடுக்காமல் போனாலும் உடம்பு வருந்திய அளவுக்கு முயற்சி தன் பலனைத் தந்துவிடும் என்பது அதன் கருத்து. அந்தப் பலனுக்கு வள்ளுவர் வைத்த சொல் கூலி. அதில் இழிவு ஏதாவது இருக்கிறதா? உழைத்தவனுக்குச் சேர வேண்டிய கடன் என்பது போல அல்லவா நிற்கிறது!

தமிழுக்கு மட்டுமல்ல, மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கும் ஊதியம்தான். பரோ, எமனோ என்ற இரண்டு அறிஞர்கள் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே பதிவில் சேர்த்து வைத்திருக்கிறது. ஆளைச் சொல்ல வேண்டுமானால் நாம் இன்னொரு சொல்லை ஒட்டுவோம். கூலியாள், கூலிக்காரர், கூலி வேலை செய்பவர் என்போம். காசு தனி, மனிதர் தனி.

இப்போது ஆங்கில அகராதியைத் திறந்தால் காசைக் காணோம். அங்கே கூலி என்றால் ஆள். ஆசியாக் கண்டத்து மூட்டை தூக்குபவன், மண் வெட்டுபவன், ஒப்பந்தத்தில் கப்பலேறியவன். கூடவே 'இழிசொல், புண்படுத்தும்' என்ற எச்சரிக்கையும் இருக்கும். கொடுக்க வேண்டிய பணத்தின் பெயரை எடுத்து, பணம் வாங்க வேண்டியவன் தலையில் வைத்துவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்த குட்டு

இந்த இடத்தில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு நிகழ்ச்சி ஒன்றில், ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம்முடைய காசிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டேன். கைதட்டலும் வாங்கினேன். ஒரு வாரத்தில் கிள்ளானிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. 'மகளே' என்று தொடங்கி, பெட்டியும் காசும் வேறு வேறு என்று நிதானமாக எழுதியிருந்தார்.

அவர் சொன்னது சரி. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற சொல்லுக்கு மூலம் பெட்டி. லத்தீனில் 'காப்ஸா', இத்தாலியத்தில் 'காஸ்ஸா', அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். முதலில் பணப்பெட்டியைக் குறித்தது. பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தைக் குறித்தது. ஆனால் வேடிக்கை பாருங்கள், ஆங்கிலத்தில் அதே எழுத்தில் இன்னொரு 'கேஷ்' இருக்கிறது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் சில்லறை போன்ற கிழக்கு நாட்டுச் சிறு நாணயங்களுக்கு வெள்ளைக்கார வியாபாரிகள் வைத்த பெயர் அது. அந்த 'கேஷ்' மட்டும் தமிழ்க் காசு. போர்ச்சுகீசியர் வாயில் 'கைஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. ஒரே எழுத்து, ஒரே ஓசை, இரண்டு வேறு தாய்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஓசை ஒத்துப்போனால் மட்டும் போதாது. பொருள் ஒத்துப்போக வேண்டும். யார் மூலம், எந்தத் துறைமுகத்தில், ஏறக்குறைய எந்தக் காலத்தில் சொல் கைமாறியது என்ற வழியும் தெரிய வேண்டும். மாம்பழத்துக்கு அந்த வழி தெரியும். நம் மாங்காய், மலையாளத்தின் மாங்ஙா, மலாயின் மங்கா என்ற இந்தக் கடலோரச் சொற்களிலிருந்து போர்ச்சுகீசியர் 'மாங்கா' என்று எடுத்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் 'மாங்கோ' என்று வாங்கினார்கள். (நம் மலாய்க்கார நண்பர்கள் ஒரு வகை மாங்கனியை 'மெம்பலம்' என்பார்கள். அது சாட்சாத் நம் மாம்பழம்.)

கூலிக்கு வழி என்ன?

இங்கேயும் போர்ச்சுகீசியர்தான் நடுவில் நிற்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமிலும் குடியேறி வியாபாரம் செய்தவர்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்டவர் அன்ரிக் அன்ரிக்கஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார். அந்த அளவுக்குத் தமிழோடு புழங்கியவர்கள் அவர்கள். கப்பலில் சரக்கை ஏற்றி இறக்க ஆள் பிடிக்கும்போது 'கூலி எவ்வளவு?' என்ற பேச்சு காதில் விழாமல் இருந்திருக்குமா? 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் ஆங்கிலேயர் எழுத்துக்கும் வந்துவிட்டது.

ஆனால் எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். மன்றத்தில் வளர்ந்தவள் நான். குஜராத் கரையோரத்தில் கோலி என்று ஒரு சமூகத்தார் இருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் அந்தப் பக்கமும் டையூவில் கோட்டை கட்டி இருந்தவர்கள். அங்கே சுமை தூக்க வந்த கோலி மக்களின் பெயரே வேலையாளுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது என்பது ஒரு கட்சி. யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த, இந்தியச் சொற்களுக்கான புகழ்பெற்ற அகராதி இந்தக் கோலியையும் நம் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை. அதையும் சிலர் இழுத்து வருவார்கள்.

மன்றத்தில் ஒரு சீன நண்பர் எழுந்து, "இது எங்கள் சொல் இல்லையா?" என்று கேட்டார். சீனத்தில் இதை இரண்டு எழுத்தால் எழுதுகிறார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை. துன்பப்பட்டுச் செய்யும் வேலை என்று அழகாகப் பொருந்திப் போகிறது. அதனால் சீனச் சொல்லே என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அது அயல்மொழிச் சொல்லுக்கு ஓசையும் பொருத்தமாக, பொருளும் பொருத்தமாகத் தேடிப்பிடித்த எழுத்து. சீனர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சொல் அவர்களிடம் பிறக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் வலியை அவர்களைப் போல இரண்டே எழுத்தில் யாரும் எழுதவில்லை.

என் தீர்ப்பு இதுதான். கோலிக்கும் இதில் பங்கு இருக்கலாம். மேற்குக் கரையில் கேட்ட ஆள்பெயரும் கிழக்குக் கரையில் கேட்ட காசின் பெயரும் ஒரே மாலுமியின் வாயில் கலந்து போயிருக்கலாம். ஆனால் காசு பேசி அமர்த்திய வேலையாள் என்ற பொருள் இருக்கிறதே, அது கோலியில் இல்லை, 'குல்'லில் இல்லை. அது நம் சொல்லில் மட்டுமே இருக்கிறது. அந்த அளவுக்கு உரிமை கேட்கலாம். முழுக்க எங்களுடையது என்று மார்தட்ட வேண்டாம். கிள்ளான் ஆசிரியர் மறுபடியும் கடிதம் எழுதிவிடுவார்.

கப்பலில் ஏறிய பிறகு

இதுவரை சொன்னது துறைமுகத்துச் சொல். மூட்டைக்காரனுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். அது உலகம் முழுக்கப் பரவியதும், நாறியதும் 19ஆம் நூற்றாண்டில்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டுமே! அதே 1834 நவம்பரில் 'அட்லஸ்' என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து 36 பேர் மொரீசியஸ் தீவில் போய் இறங்கினார்கள். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. அதில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும். சீனர்களை மக்காவ் வழியாகக் கியூபாவுக்குக் கொண்டுபோனார்கள். 1847க்கும் 1874க்கும் இடையில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேலானவர்கள். அமெரிக்கக் கப்பல்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்று 1862இல் ஆப்ரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தில் 'கூலி வியாபாரம்' என்றே எழுதியிருந்தது. நமக்கு எதிரே சுமத்ராவில் டச்சுக்காரர்கள் 1880இல் போட்ட சட்டத்தின் பெயரே கூலிச் சட்டம். வேலையை விட்டு ஓடினால் சிறை என்று அதில் விதி இருந்தது.

அடிமை என்று எழுத முடியாத இடத்தில் எழுத ஒரு சொல் தேவைப்பட்டது. காசு கொடுக்கிறோம் என்று காட்டவும் வேண்டும், ஆளுக்குப் பெயர் இல்லாமலும் இருக்க வேண்டும். அதற்கு இந்தச் சொல் வசதியாக இருந்தது என்பது என் எண்ணம். சம்பளத்தின் பெயராலேயே ஒருவரைக் கூப்பிட்டுவிட்டால், அவருக்கு முனியாண்டி என்றோ அஞ்சலை என்றோ பெயர் இருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

1893இல் நேட்டாலுக்குப் போன காந்தியடிகளையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அவருடைய சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். அங்கே நம்மவர்களுக்கு வைத்த இன்னொரு பெயர் 'சாமி'. முத்துசாமி, ராமசாமி என்று தமிழர் பெயர்கள் முடிவதைப் பார்த்து, எல்லா இந்தியரையும் 'சாமி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். அதற்குச் சாமர்த்தியசாலி இந்தியர்கள் கொடுத்த பதிலையும் காந்தி குறித்து வைத்திருக்கிறார்: சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம் ஐயா, நான் உங்களுக்கு எஜமான் இல்லையே! கூலிக்கு அப்படி ஒரு பதில் யாருக்கும் அகப்படவில்லை போலும்.

ரவாங்கும் கிள்ளானும்

இனி நம் ஊருக்கு வருவோம். ரவாங் என்றாலே ஈயம். 1894இல் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்சார இயந்திரத்தை நிறுவினார்கள். நம் நாட்டு மின்சார வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தத் தம்புசாமிப் பிள்ளைதான் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தைத் தொடங்கியவர். ஒரு தமிழர் மின்விளக்குக்குச் சொந்தக்காரராக நின்ற அதே காலத்தில், அரசாங்கக் காகிதங்களில் தமிழன் என்றால் கூலி, அவன் குடியிருந்த வரிசை வீடுகள் 'கூலி லைன்ஸ்'. நம் பெரியவர்கள் அந்த 'லைன்ஸ்' என்பதை லயம் ஆக்கிக்கொண்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பரேட்' அவர்கள் வாயில் பெரட்டு ஆனது. கவனித்தீர்களா, 'கூலி' என்ற பாதியை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பொருள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் அல்லவா!

ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு தமிழ்ச் சொல் கங்காணி. கண்காணிப்பவர். தோட்டத்துப் பணத்தோடு சொந்தக் கிராமத்துக்குப் போய் ஆள் சேர்த்து வருபவர் அவர். சேர்த்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. மேய்ப்பவருக்கும் மேய்க்கப்பட்டவருக்கும் ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர் என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை இருந்தது. அந்த ஆண்டு இந்திய அரசாங்கமே உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை போட்டுவிட்டது.

காசு எவ்வளவு? 1920களின் இறுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் நிர்ணயித்திருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சர்க்கார் கணக்கில் கூலி என்ற ஆள் இருந்தான். கூலி என்ற காசு இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர். எச். நாதன் என்பவர் அவர்களின் தலைவர்களில் முக்கியமானவர். சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அதோடு நிற்கவில்லை. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடு, மருத்துவ வசதி செய், பெண்களிடம் தகாத முறையில் நடக்காதே. எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது சைக்கிள் கோரிக்கை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம். அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்ததும் போராட்டம் சிலாங்கூரில் பரவியது. ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அந்தக் கோரிக்கைப் பட்டியலை இந்தச் சொல்லின் கதையோடு சேர்த்துப் படிக்கிறேன். கூலி என்ற காசை உயர்த்து என்றார்கள். கூலி என்று எங்களைக் குனிய வைக்காதே என்றார்கள். சொல்லின் இரண்டு பொருளையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுவிட்டார்கள்.

சொல் பிறக்கும்போதே கெட்டதாகப் பிறப்பதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 'கெலிங்' என்று நம்மைச் சொன்னால் இன்று சண்டை வரும். மூலம் கலிங்கம் என்ற நாட்டின் பெயர். மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கும், பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கும் அந்தப் பெயரை யாரும் ஏளனமாக வைக்கவில்லை. பிறகு வந்தவர்கள் சொன்ன தோரணையில்தான் அது கெட்டது.

மற்ற நாடுகள் இந்தக் 'கூலி'யை என்ன செய்தன? மொரீசியஸில் அந்தக் கப்பல்கள் வந்து நின்ற துறைக்குப் பழைய பெயர் 'கூலி காட்'. இன்று அது 'ஆப்ரவாசி காட்', குடியேறியவர்களின் படித்துறை. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்திய ரயில்வே தன் சுமைதூக்கும் தொழிலாளரை இனி 'சகாயக்' என்று அழைக்க வேண்டும் என்று 2016 ரயில்வே பட்ஜெட்டில் சொன்னது. இவர்கள் பெயரை மாற்றினார்கள். மொரீசியஸ் கவிஞர் கல் தொராபுலி அதற்கு நேர்மாறாக, அந்தச் சொல்லையே எடுத்து 'கூலிட்யூட்' என்று ஒரு கொள்கைப் பெயர் படைத்தார். கயானாவில் பிறந்த கயுத்ரா பகதூர், கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியின் கதையை 2013இல் 'கூலிப் பெண்' என்ற பொருளில் பெயரிட்டு வெளியிட்டார். சட்டை போட்டுக்கொண்டு வந்த எங்கள் வீட்டுப் பையன் இவர்கள் யாரையும் படித்தவன் அல்ல. ஆனால் தலைவர் நெஞ்சு நிமிர்த்தி அந்தப் பெயரைச் சொன்னதும் அவனுக்கும் ஏதோ நிமிர்ந்திருக்கிறது.

மன்ற முடிவில் ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் பிள்ளை அந்தச் சட்டையைப் போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. போடட்டும், ஆனால் ஆயா முன்னால் போட வேண்டாம் என்றேன். ஆயாவிடம் கதையைக் கேட்ட பிறகு அவன் விருப்பம். கோழைத்தனமான பதில் என்று அவர் முகம் சொன்னது. இருக்கலாம். அந்தச் சொல்லைச் சுமந்தவருக்கும், படத்தில் பார்த்தவருக்கும் ஒரே தீர்ப்பு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் ஆயாவைக் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு அழைத்துப் போனேன். கொள்ளுப்பேத்திக்கு ஒரு காப்பு எடுக்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரத் தம்பி எடை போட்டு, கணக்குக் கருவியைத் தட்டி, தொகையைத் திருப்பிக் காட்டினார். ஆயா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"தங்கத்துக்கு வெல சரி தம்பி. கூலி ஏன் இவ்வளவு போட்டிருக்க?"

"கையால செஞ்ச வேலை பாட்டி. ஒரு ஆள் ரெண்டு நாள் உக்காந்து செஞ்சது."

ஆயா காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூ வேலைப்பாட்டை நகத்தால் தடவினார். பேரம் பேசாமல் விடமாட்டாரே என்று நான் ஒரு ஓரமாக நின்றேன்.

"செஞ்சவனுக்கு அது முழுசா போய்ச் சேருதா?" என்று கேட்டார்.

"சேருது பாட்டி" என்றார் அந்தத் தம்பி.

ஆயா சுருக்குப்பையை அவிழ்த்து எண்ண ஆரம்பித்தார்.